ஏழாவது எலுமிச்சம்பழம்

"அண்ணி! அத நீங்க தொடாதீங்க!"

ராதாகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் தவமலரின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி, சிமெண்டுத் தரையில் உருண்டு, ஐஸ்பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பழத்துக்கே பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. தவமலர் தட்டின் மேல் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

தட்டில் ஏற்கெனவே ஆறு பழங்கள் இருந்தன. நாளைக்கு ஊருக்கு வரப்போகும் புது பஸ்ஸின் ஆறு சக்கரத்துக்கு ஆறு. திருஷ்டி சுற்றிப் போட ஒன்று. ஆக மொத்தம் ஏழு. ஏழையும் சனிக்கிழமை பிரிஞ்சாங் சந்தையில் பொறுக்கி வாங்கியவள் தவமலர். முட்டைக்கோஸ் லோரியில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்தவளும், குழாயடியில் கழுவித் துடைத்தவளும் அவள்தான். அப்போதெல்லாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தட்டில் எடுத்து வைக்கும்போது மட்டும் அவள் கை ஆகாத கையாகிவிட்டது.

ராதாகிருஷ்ணனின் மனைவி சாந்தினி தரையில் குத்துக்காலிட்டு, துடைப்பக் குச்சியால் பழத்தை வெளியே தள்ளி எடுத்தாள். ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது.

"என்னங்க, பழம் நல்லாத்தான் இருக்கு."

"அது வேணாம்லா. ஊறுகாய்க்கு வச்சுக்க. காளியம்மா வீட்ல மரம் இருக்கு, அங்க ஒன்னு கேட்டு வாங்கிக்க."

இதைச் சொல்லிவிட்டு ராதாகிருஷ்ணன் கழுத்தைச் சொறிந்தார். அவர் கழுத்தைச் சொறிந்தால் அடுத்து வருவது நல்ல சேதியாக இருக்காது என்பது அந்த வீட்டில் பூனைக்கும் தெரியும்.

"அண்ணி, இன்னொரு விஷயம். கமிட்டில பேசிட்டோம். நாளைக்கு மொத ட்ரிப்பு. கோயில் வாசல்ல பூச போட்டு, சுமங்கலி ஏறி, அப்பறந்தான் மத்தவங்க ஏறணும். சாந்தினிதான் மொதல்ல ஏறப் போறா. நீங்க... மொத ட்ரிப்புல வேணாமே. ஒம்பதரைக்கு ரெண்டாவது ட்ரிப்பு இருக்குல்ல, அதுல போயிக்கங்க."

"தம்பி, நாளைக்கு ஏழரைக்கு நான் பிரிஞ்சாங் ஸ்டோர்ல இருக்கணும். மொத நாள் வேல."

"ஒரு நாள்தான அண்ணி?"

"லேட்டுன்னா வராதன்னு மொதலாளி தவுக்கே சொல்லிட்டாரு."

"தவுக்கேகிட்ட நான் பேசுறேன்."

"எப்ப பேசுவீங்க? இங்க போன் லைன் கெடைக்கணும்னா தண்ணி டேங்கி மேல ஏறணும்."

ராதாகிருஷ்ணன் ஊர் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. அண்ணன் போன பிறகு இந்த ஒன்பது வருஷமாக அண்ணியையும் அண்ணன் மகளையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் வீட்டில் வைத்திருப்பவர். அந்த மகள் புவனேஸ் ஈப்போவில் நர்சிங் படிக்கப் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோரி வரை நடந்தவர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவருக்குள்ளிருந்து வேறொரு ஆள் எழுந்து வந்துவிடுவான். கோயில் கமிட்டித் தலைவர் பதவி வந்ததிலிருந்து அந்த ஆளுக்குத் தொண்டையும் பெரிதாகிவிட்டது.

தவமலருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நல்ல சூடான கோபம்.

ஏன் வராது? இந்த பஸ் யாரால் வந்தது என்று கேட்டால் புக்கிட் செராய்த் தோட்டமே ராதாகிருஷ்ணனைக் காட்டும். கையெழுத்து அவருடையதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. கையெழுத்துக்கு மேலே இருந்த ஒவ்வொரு எழுத்தும் தவமலருடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ்ஸே போகாத உள்ளடங்கிய ஊர்களுக்கு பஸ் விட அரசாங்கம் புதிதாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்ற சேதி பேப்பரில் வந்தது. தோட்டத்தில் எல்லாரும் அந்தப் பேப்பரில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். தவமலர் மட்டும் எண்ணெய்க் கறையோடு அதை எடுத்துப் படித்தாள். பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை வரை படித்தவள், மலாய் எழுத்து முத்து முத்தாக இருக்கும். படித்துவிட்டுக் கொழுந்தனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கமிட்டியைக் கூட்டிப் பேசினார். அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து மனு எழுதினாள். பதினொரு மனு.

மனு மட்டுமா? எத்தனை பேர் எப்படிப் போகிறார்கள் என்று கணக்கு வேண்டும் என்றது போக்குவரத்து ஆபீஸ். இரண்டு வாரம் காலையில் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று எண்ணினாள். காய்கறி லோரியின் பின்னால் தொங்கிப் போகிறவர் இத்தனை பேர், வாடகைக் காருக்குக் கேட்ட காசைக் கொடுத்துப் போகிறவர் இத்தனை பேர், ஆஸ்பத்திரித் தேதியைத் தவறவிட்டவர் இத்தனை பேர், மழையில் நனைந்துகொண்டு மெயின் ரோடு வரை நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இத்தனை பேர். அப்புறம் ஒரு வரைபடம் வரைந்தாள். கோயில் வாசலிலிருந்து பிரிஞ்சாங் வரை எத்தனை ஸ்டாப், எங்கே பஸ் திரும்ப இடம் இருக்கிறது, எங்கே மண் சரியும், மொத்தம் எத்தனை வளைவு. நாற்பத்தோரு வளைவு. "நாற்பத்தோரு அபாயகரமான வளைவுகள்!" என்று ராதாகிருஷ்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையைத் தட்டி முழங்குவார். கை தட்டுவார்கள்.

அந்த வரைபடத்தைப் பார்த்து அசந்துபோன போக்குவரத்து ஆபீஸ் அம்மா, இதை யார் வரைந்தது என்று நேரிலேயே வந்து கேட்டார். "நம்ம கமிட்டி," என்றார் ராதாகிருஷ்ணன். கமிட்டி அப்போது பின்கட்டில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் வெள்ளோட்டம், ஆள் ஏறினால் பஸ் நிலைக்கும், ஏறாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸின் வாசலிலேயே பயண அட்டையைத் தொடும் ஒரு பெட்டி இருக்குமாம், ஏறுகிற ஒவ்வொரு தலையையும் அது எண்ணி ஆபீஸுக்கு அனுப்பிவிடுமாம். பிறகுதான் தவமலர் பிரிஞ்சாங்குக்குப் போய்க் காய்கறி பேக்கிங் ஸ்டோரில் வேலை கேட்டாள். எந்தப் பெட்டி எந்த லோரியில் போகிறது என்று மலாயில் எழுதி வைக்கும் வேலை. கிராணி வேலை! தோட்டத்து லைன் வீடுகளில் இந்தச் சேதி பரவியபோது, "பொம்பள கிராணியா?" என்று காளியம்மா வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

காளியம்மாவைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். கோடி வீட்டுக்காரி. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவள். தவமலர் எதிரே வந்த அன்றைக்கு நம்பர் விழவில்லை என்று ஒரு முறை சொல்லி வைத்தாள். அவள் எதிரே வராத நாளிலும் விழவில்லைதான், அதை யார் கேட்பது? அன்றிலிருந்து தவமலர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் லைன் திரும்பும் மூலைக்கு வருவதற்கு முன்னால் மூன்று தடவை இருமுவாள். வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அதைக் கேட்டு ஒரு நிமிஷம் உள்ளே போய்விடுவார்கள். அவள் கடந்த பிறகு வெளியே வருவார்கள். லோரிக்கு ஹாரன் இருக்கிற மாதிரி அவளுக்கு இருமல். ஒன்பது வருஷமாக நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு இருமுகிறாள். இது போதாதென்று மழைக்காலத்தில் நிஜ இருமல் வந்தால், லைனே வீட்டுக்குள் போவதும் வருவதுமாகத் திண்டாடும்.

சாந்தினி சமையல்கட்டுக்குள் வந்தாள். அந்த ஏழாவது பழம் அவள் கையில் இருந்தது.

"அக்கா, மொதல்ல ஏறணும்னு எனக்கு ஆசையே இல்லக்கா. பட்டுச் சேலய கட்டிக்கிட்டு, தட்டத் தூக்கிக்கிட்டு, இந்தக் குளுருல... நீங்க கோவிச்சுக்காதீங்க."

"ஓம் மேல என்ன கோவம்?"

"நீங்க எழுதலன்னா பஸ்ஸே இல்ல. அது அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ண? சரி, நாளைக்கு அவரும் பஸ்ஸுல வர்றாரா?"

சாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். இது அந்த வீட்டின் ரகசியம். பஸ்ஸுக்காக இரண்டு வருஷம் மேசை தட்டிய மனிதருக்கு பஸ் ஆகாது. கல்யாணம் முடிந்து தாப்பாவிலிருந்து வேனில் மலையேறி வரும்போது, புதுப் பெண்ணின் கூறைச்சேலையிலேயே வாந்தி எடுத்து வைத்தவர். அன்றைக்கு மோட்டாரில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

"வரணுமாம்க்கா. பிரிஞ்சாங் பஸ் ஸ்டேஷன்ல நம்ம தொகுதி ஒய்.பி. மாலையோட நிக்கப் போறாராம். தலைவரு பஸ்ஸுலேர்ந்து எறங்குற மாதிரி போட்டோ எடுக்கணுமாம்."

தவமலருக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. பழத்தைச் சாந்தினியிடமிருந்து வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சமையல்கட்டுச் சுவரில் அவள் வரைந்த படத்தின் நகல் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். பிரிஞ்சாங்கில் தொடங்கிய கோடு வளைந்து வளைந்து மேலே ஏறி, கோயில் வாசலில் முடிந்தது. கோயிலுக்கு முந்தின ஸ்டாப், நாலு வளைவுக்குக் கீழே, தண்ணீர் பம்பு வீடு. அங்கே ஒரு ஸ்டாப் வேண்டும் என்று அவள் புள்ளி வைத்தபோது, "அங்க யாரு ஏறுவா, பேயா?" என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். பக்கத்துக் காய்கறித் தோட்டத்து ஆட்கள் ஏறுவார்கள் என்று சொல்லிப் புள்ளியை அழிக்காமல் விட்டாள்.

பஸ் ஆகாயத்திலிருந்து கோயில் வாசலில் குதிக்கப் போவதில்லை. கீழேயிருந்துதான் வரவேண்டும். தவமலர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்பினாள். வீட்டில் ராதாகிருஷ்ணன் குளித்துக்கொண்டிருந்தார். சாந்தினி கொண்டையில் பூ வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. பசியாற ஒரு ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் கையில் திணித்தாள்.

வெளியே இருட்டும் பனியுமாக இருந்தது. ஸ்வெட்டர், தலையில் துணி, கையில் போன் வெளிச்சம். மூலை வந்தது. பழக்கதோஷத்தில் தொண்டை தானாகத் தயாரானது. தவமலர் எச்சிலை விழுங்கி அதை அடக்கினாள். இருமாமல் மூலை திரும்பினாள். எதிரே ஒரு நாய்தான் வந்தது. அதற்குச் சகுனம் தெரியாது. வாலை ஆட்டிவிட்டு அதன் பாட்டுக்குப் போனது.

பம்பு வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்து பத்து நிமிஷத்தில் கீழ் வளைவில் வெளிச்சம் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து வெள்ளையும் நீலமுமாக ஒரு குட்டி பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. தவமலர் கையைக் காட்டினாள். கதவு திறந்தது. ஸ்டீரிங்கில் இருந்தது ஒரு பெண். குட்டை முடி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தடிமனான ஜெக்கெட். சட்டையில் குத்திய பெயர் அட்டையில் பார்பரா என்று இருந்தது.

"அக்கா, இது மேல போற பஸ்ஸு. தோட்டத்துக்குப் போயிட்டு வந்துதான் பிரிஞ்சாங் போவும். ஏன் இப்பவே ஏறுறீங்க?"

"தெரியும்மா. எந்நேரம் எங்க நிக்கணும்னு எழுதிக் குடுத்ததே நாந்தான்."

தவமலர் அட்டையைப் பெட்டியில் தொட்டாள். பெட்டி ஒரு சத்தம் போட்டது. சின்னத் திரையில் ஒன்று என்ற எண் விழுந்தது. ஒன்று. புக்கிட் செராய் வழித்தடத்தின் முதல் பயணி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கலங்கினால் வழி தெரியாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள சீட்டில் உட்கார்ந்தாள். அதற்கு நேர் எதிரே அதே மாதிரி இன்னொரு நீள சீட்டு இருந்தது. எதிரும் புதிருமாக உட்காரும் சீட்டு.

நாலு வளைவு ஏறுவதற்குள் இரண்டு பேரும் பாதி வாழ்க்கையைப் பேசி முடித்துவிட்டார்கள். பார்பரா ரிங்லெட்டுக்காரி. அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்து ஆட்கள். புருஷன் ஜெஃப்ரி காய்கறி லோரி ஓட்டியவன், மாரடைப்பில் போய்விட்டான். லோரிக்குக் கட்ட வேண்டிய தவணை பாக்கி நின்றது. இவள் லைசென்ஸ் எடுத்து அதே லோரியை ஓட்டினாள். இப்போது அரசாங்கம் புது பஸ் விட்டதும் ஆள் எடுத்தார்கள், வந்துவிட்டாள்.

"எனக்கு ஆறு வருசம் ஆச்சுக்கா."

"எனக்கு ஒம்பது."

"அப்ப நீங்க சீனியர்லா!"

தவமலர் சிரித்துக்கொண்டே, தான் எதற்கு பம்பு வீட்டில் வந்து ஏறினாள் என்பதைச் சொன்னாள். எலுமிச்சம்பழக் கதையையும் இருமல் கதையையும் சேர்த்துச் சொன்னாள். பார்பராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காதம்மா, வளைவு வருது."

"எங்காளுங்க மட்டும் என்னவாம்? கல்யாண வீட்ல பொண்ணுக்குக் காபி குடுக்கக்கூட என்னயக் கூப்புட மாட்டாங்க. பின்னாடி வரிசதான் எனக்கு. ரெண்டு வரிச தள்ளி ஒக்கார வச்சவங்கெல்லாம் இனிமே எனக்குப் பின்னாடிதான ஒக்காரணும்? அதுக்குத்தாங்கா பஸ்ஸுக்கு வந்தேன்."

கோயில் வாசல் வெளிச்சமாக இருந்தது. வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், போன் ஸ்பீக்கரில் நாதஸ்வரம். கமிட்டிக்காரர்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு குளிரில் விறைத்து நின்றார்கள். பார்பரா பஸ்ஸைத் திருப்பி நிறுத்தி, உள் விளக்கை அணைத்தாள். கண்ணாடியெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. தவமலர் சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டாள்.

பூசாரி ராமையா பஸ்ஸின் நெற்றியில் திருநீறு பூசினார். சாந்தினி பட்டுச்சேலையில் நடுங்கிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு நின்றாள். காளியம்மா டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, பொம்பள டைவரு! மகாலட்சுமியே ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கேம்மா! ஏ சாந்தினி, இந்தப் பிள்ளைக்கும் சேத்துச் சுத்து!"

சாந்தினி சுற்றினாள். பார்பரா பணிவாகத் தலையைக் குனிந்தாள். காளியம்மா தன் கையாலேயே ஆரத்தித் தண்ணீரை வாங்கி நடுரோட்டில் ஊற்றி, "மகராசியா இரு," என்று விரலை நெறித்து முறித்தாள். உள்ளே தவமலர் தலைத்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வெளியே போய்விட்டால் காரியம் கெட்டுவிடும்.

சக்கரங்கள் உருண்டன. ஆறு பழமும் நசுங்கின. எல்லாரும் கை தட்டினார்கள். பஸ் நின்றது, கதவு திறந்தது, விளக்கு எரிந்தது.

"சுமங்கலி மொதல்ல!" என்று ராதாகிருஷ்ணன் கையை உயர்த்தினார்.

சாந்தினி வலது காலை எடுத்து வைத்தாள். இடது காலை வைக்கவில்லை. "அக்கா!" என்றாள். அதில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எது கூட என்று சொல்ல முடியாது.

ராதாகிருஷ்ணன் மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"அண்ணி, நீங்க எப்படி இங்க?"

"பம்பு வீட்ல ஏறினேன் தம்பி. பேய் ஏறுற ஸ்டாப்புன்னு சொன்னீங்கள்ல, அங்கதான்."

வெளியே சலசலப்பு கிளம்பியது. யாரோ, "தவமலரா? உள்ளயா?" என்றார்கள். காளியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ராதாகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்குறாங்க அண்ணி. எறங்கிடுங்க. சாந்தினி ஏறட்டும், எல்லாரும் ஏறட்டும். அப்பறமா பின்னாடி வந்து ஏறிக்கங்க. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

ஒரு கணம் தவமலருக்கு எழுந்துவிடலாமா என்று தோன்றியது. ஒன்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கால் தரையில் ஊன்றக்கூடச் செய்தது. அப்புறம் அந்தச் சின்னத் திரையில் இருந்த ஒன்றைப் பார்த்தாள். காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எறங்கல தம்பி. எனக்கு ஏழரைக்கு வேல."

"அண்ணி, இது அபசகுனம்!"

"பஸ்ஸு என்னய ஏத்திக்கிட்டுத்தான் மேல வந்துச்சு. ஒரு கல்லுகூட உருளல. நீங்க பூச போட்டு, பழம் நசுக்கி, கை தட்டினதெல்லாம் நான் உள்ள இருக்கும்போதுதான். நான் இருந்தா பூச பலிக்காதுன்னா இந்நேரம் பஸ்ஸு கவுந்திருக்கணும்."

அப்போதுதான் பார்பரா திரும்பினாள். "சார், அவங்க எறங்கணும்னா நானும் எறங்கணும்லா. எனக்கும் வீட்டுக்காரர் தவறி ஆறு வருசமாச்சு. அப்ப பஸ்ஸ யாரு ஓட்டுறது? நீங்க ஓட்டுவீங்களா?"

நாதஸ்வரம் மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ராமையா ஸ்பீக்கரை அணைத்தார். எல்லாரும் நடுரோட்டைப் பார்த்தார்கள். சிவப்பு ஆரத்தித் தண்ணீர் ஈரம் காயாமல் கிடந்தது. ஊற்றியதைத் திரும்ப அள்ள முடியாது. காளியம்மா தான் நெறித்த பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"ஆறு அம்பதுக்கு நான் எடுக்கணும்," என்றாள் பார்பரா. "அடுத்த ட்ரிப்பு ஒம்பதரைக்கு. யாரும் ஏறலன்னா ஒரு ஆளுன்னுதான் ஆபீஸுக்குப் போவும். அப்பறம் பஸ்ஸு வரலன்னு என்னயக் கேக்கக்கூடாது."

எட்டுக்கு வேலையில் நிற்க வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் யார் முதலில் அசைவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், வேறு யார், காளியம்மாதான்.

"தள்ளுப்பா! எனக்கு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில சுகர் செக்கப்பு. மூனு தேதி தவற விட்டாச்சு. சகுனம் பாத்தா சுகர் கொறயுமா?"

அவள் சாந்தினியையும் தள்ளிக்கொண்டு ஏறி, அட்டையைத் தொட்டு, திரையில் இரண்டு விழுந்ததைப் பார்த்தாள். நாலு நம்பர் எடுக்கிறவள் அல்லவா, எண்ணைக் கண்டால் நின்று பார்க்காமல் இருக்க முடியாது. அதன் பிறகு தவமலரைப் பார்த்தாள். நேருக்கு நேராக, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"வெள்ளனவே வந்து நல்ல சீட்டப் புடிச்சுட்டியே," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

மடை திறந்தாற்போல மற்றவர்கள் ஏறினார்கள். பெட்டி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. சாந்தினி தட்டை ராமையாவிடம் கொடுத்துவிட்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கடைசியில் பூசாரியைத் தவிர கோயில் வாசலில் நின்றது ராதாகிருஷ்ணன் மட்டும்தான். அவருக்கு ஏறவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. பிரிஞ்சாங்கில் ஒய்.பி. மாலையோடு நிற்பார். மோட்டாரில் போய் இறங்கினால் போட்டோ நன்றாக இருக்காது.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். காலியாக இருந்தது ஒரே இடம். எதிர் சீட்டில், தவமலருக்கு நேர் எதிரே. முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரம். எதிரே வரக்கூடாது என்று அவர் நேற்றே ஏற்பாடு செய்ததெல்லாம் இப்படி ஆகிவிட்டது. உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். இருபத்து நாலு பேர் ஏறியிருந்தார்கள். பஸ் நிலைக்கும், தவமலருக்கு அது தெரிந்தது. மணி ஆறு ஐம்பத்து மூன்று. ஏழு இருபதுக்குப் பிரிஞ்சாங். ஸ்டோர் பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நிம்மதியாக மூச்சு விட்டாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியைச் சாந்தினிக்குக் கொடுத்தாள்.

முதல் வளைவில் ராதாகிருஷ்ணன் கம்பியைப் பிடித்தார். இரண்டாவது வளைவில் கண்ணை மூடினார். மூன்றாவது வளைவில் அவர் நெற்றியில் வேர்த்தது, அந்தக் குளிரிலும். உதடு வெளுத்துவிட்டது. சாந்தினி பதறிப்போய்த் தன் பட்டுச்சேலை முந்தானையை மடியில் சுருட்டி ஒளித்துக்கொண்டாள். பட்டது போதும் அவளுக்கு.

"என்னங்க, வருதா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் ஆபத்து. தவமலர் எக்கி ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு கைப்பைக்குள் கையை விட்டு, அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். ஒரு பக்கம் நசுங்கிய பழம். நகத்தால் தோலை லேசாகக் கீறி, அவர் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாருங்க தம்பி. நிக்கும்."

வாசனை பஸ் முழுக்கப் பரவியது. ராதாகிருஷ்ணன் கண்ணைத் திறந்தார். எந்தப் பழம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பழத்தைப் பார்த்தார், அதை நீட்டிய கையைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த இருபத்து மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். காளியம்மா பின் சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

நாலாவது வளைவு வந்தது. பார்பரா நன்றாக ஒடித்தாள்.

தலைவர் இரண்டு கையையும் நீட்டிப் பழத்தை வாங்கி மூக்கோடு அழுத்திக்கொண்டார். பம்பு வீட்டு ஸ்டாப்பில் காய்கறித் தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் ஏறினார்கள். பஸ் மறுபடி நகர்ந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"அண்ணி," என்றார், பழத்துக்குப் பின்னாலிருந்து, சன்னமாக. "இன்னும் எத்தன வளைவு இருக்கு?"

"முப்பத்தேழு தம்பி," என்றாள் தவமலர். "மனுவுலதான் இருக்கே. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"